மூன்று மாவுக்கு அடியில்

அந்த வருஷங்களில் என் பிழைப்பு இதுதான்: கம்ப்யூட்டர் உலகத்தில் நேற்று என்ன நடந்தது என்று தேடிப் பிடித்து, எட்டுச் செய்திகளாகச் சுருக்கித் தமிழில் எழுதி, காலை ஏழு மணிக்குள் சென்னைக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கிருந்து சந்தா கட்டியவர்களின் போனுக்குப் போகும். எந்த மென்பொருளில் ஓட்டை விழுந்தது, எந்த நிரல்மொழிக்குப் புதுப் பதிப்பு வந்தது, எந்தக் கம்பெனி எந்தக் கம்பெனியை விழுங்கியது. ஜனங்கள் பல் தேய்த்துக்கொண்டே படிப்பார்கள், நாலு வரியைத் தாண்டாதீர்கள் என்பார் ஆசிரியர். எவ்வளவு பெரிய இடி விழுந்தாலும் நாலு வரிதான்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனதும் ஊருக்கு வந்துவிட்டேன். நாகப்பட்டினம் சாலையில் இறங்கி, வாய்க்கால் கரையோடு உள்ளே நடக்கவேண்டிய ஊர். அம்மா அங்கே தனியாக இருந்தாள். என் வேலையைப் பற்றி அவளுக்கு ஒரே ஒரு விளக்கம்தான். "எம் பொண்ணு பேப்பர்ல எழுதுறா" என்பாள். எந்தப் பேப்பர் என்று யாராவது நோண்டினால், "போன்ல வர்ற பேப்பரு" என்று வாயை அடைத்துவிடுவாள்.

அவளுக்கு மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். பண்ணைக்கு உச்சவரம்புக்கு மேல் இருந்த நிலம் என்று அரசாங்கம் எடுத்து, கூலிக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. அப்பா கொடி பிடித்தார், போலீசிடம் அடி வாங்கினார், ஜெயிலில் கிடந்தார். அதற்குப் பிறகும் ஆட்சி மாறி ஆட்சி வந்துதான் பட்டா கைக்கு வந்தது. மந்திரி மேடையில் கொடுத்தபோது அப்பா உயிரோடு இல்லை. அம்மா போய் வாங்கிக்கொண்டு வந்தாள்.

நிலம் வந்தது, தண்ணீர் போய்விட்டது. ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்று டிவியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலைமை. குறுவையை எல்லோரும் மறந்தாயிற்று. ரெண்டு வருஷத்துக்கு ஒரு வருஷம் சம்பா கதிரிலேயே கருகியது. போர் போடலாம் என்றால் எங்கள் பக்கம் உப்புத் தண்ணீர் ஏறிக் கிடக்கிறது; எந்த இடத்தில் நல்ல தண்ணீர் என்று யாருக்கும் நிச்சயமில்லை. இன்னும் ரெண்டு போகம் இப்படியே போனால் நிலத்தை வைத்துக்கொள்ள முடியாது என்று அம்மாவுக்குத் தெரியும். அதை அவள் வாயால் சொன்னதில்லை.

ஒரு கோடையில், உளுந்து பிடுங்கி முடித்த சமயம், ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். எங்கள் ஊரில் வரப்பில் நடக்கிறவனை யார் நீ என்று கேட்கிற வழக்கம் கிடையாது. எல்லோருக்கும் எல்லோர் வயல் வழியாகத்தான் பாதை. யார் வீட்டுக்கோ விருந்தாளி என்று விட்டுவிடுவோம். அவர்கள் இரண்டு நாள் தாராளமாக நடந்து, சின்னச் சின்னக் கொடி நட்டு, ஒயர் சுருள்களை இறக்கிய பிறகுதான் அம்மா போய்க் கேட்டாள்.

தொப்பி போட்ட மேஸ்திரி மரியாதையான ஆள். "நிலத்துக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்குறோம்மா" என்றார்.

"தண்ணி இருக்கான்னா?"

"தண்ணி இருந்தாலும் தெரிஞ்சிடும்மா."

அவர் பொய் சொல்லவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறெரிவது அதற்காகத்தான்.

அவ்வளவு போதும், ஊரே கிளம்பிவிட்டது. தண்ணீர் பார்க்கிறார்கள், எங்கள் வயலிலும் ஒயர் போடச் சொல்லு, உன் வயலுக்கு மட்டும் என்ன உசத்தி என்று ஒரே அடிதடி. அம்மா மேஸ்திரியின் முன்னால் போய் நின்றுகொண்டாள். "ஏங்க, எங்க வயலு மட்டும் என்னா பாவம் பண்ணுச்சு? இதுலயும் ஒரு ஒயரப் போட்டுட்டுப் போங்க" என்றாள். அவர் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார், சிரித்தார், சரிம்மா என்றார். கோடு எப்படியும் அந்த வழியாகத்தான் போயிருக்கும். ஆனால் தான் வாதாடி வாங்கிவிட்டதாக அம்மா ஒரு வாரம் ஊரெல்லாம் பெருமையடித்தாள்.

ஒயர் சுருளைத் தூக்கிக்கொண்டு அவர்களுடைய ஆட்கள் வரப்பில் நடக்கத் தெரியாமல் வாய்க்காலில் விழுந்தார்கள். அதனால் எங்கள் பெண்களைக் கூலிக்கு அழைத்துக்கொண்டார்கள். நாற்றுக் கட்டுச் சுமந்து பழகியவர்கள். துண்டைச் சும்மாடாகக் கோலித் தலையில் வைத்து, ஒயரை வயல் வயலாகக் கொண்டு போய்ச் சேர்த்தார்கள். அம்மாதான் முன்னால்.

பிறகு குழி போட்டு வெடி வைத்தார்கள். பெரிய சத்தமெல்லாம் இல்லை. அடியிலிருந்து யாரோ முட்டுவது போல ஒரு அதிர்வு, அவ்வளவுதான். அடுக்களையில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசும். பசு கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கும். நாய்கள் குரைக்காமல் வாசலில் படுத்துக்கொண்டன, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "கெணறு வெட்டுறப்ப வெடி வக்கிறதில்லையா, அது மாதிரிதாண்டி" என்றாள் அம்மா. அவளுக்குப் பயமே இல்லை.

அவர்கள் போன பிறகு வயல்களில் சிவப்புப் பெயிண்ட் அடித்த முளைக்குச்சிகள் மட்டும் நின்றன. தினமும் நான் லேப்டாப்பை மூடும்போது அம்மா வந்து நிற்பாள். "நம்ம தண்ணியப் பத்தி ஏதாவது வந்துச்சா?" என்பாள். இது அந்த மாதிரிப் பேப்பர் இல்லை என்று எத்தனையோ தடவை சொன்னேன். மறுநாளும் கேட்பாள். நான் எரிந்து விழுவேன்.

அந்த வருஷமும் ஆடியில் ஆறு காய்ந்து கிடந்தது. ஒரு நாள் காலை ஏழு செய்திகளை முடித்துவிட்டு, எட்டாவதாக லேசாக ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் புது நிரல் பற்றி ஒரு கட்டுரை அகப்பட்டது. பூமிக்கு அடியில் அதிர்வை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துப் படம் போடும் நிரல். மேலே நடக்கிற ஆள், மாடு, மோட்டார் என்று நிலத்தின் மேல் இருக்கிற எல்லாவற்றின் சத்தத்தையும் அதுவே பிரித்துக் கழித்துவிடுமாம். அதுதான் அதன் சாதனை. நல்ல செய்தி, நாலு வரி தேறும் என்று திரையைக் கீழே தள்ளினேன்.

அம்மா இருந்தாள்.

முதுகுப் பக்கத்திலிருந்து எடுத்த படம். தலையில் ஒயர் சுருள், நீலத் துண்டுச் சும்மாடு, நான் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த புடவை. பக்கத்தில் மட்டை காய்ந்த எங்கள் ஒற்றைத் தென்னை. அடியில் ஊர்ப் பெயர்கூட இல்லை, தென்னிந்தியாவில் ஒரு டெல்டா என்று போட்டிருந்தது. இப்படியும் நடக்குமா என்று கேட்கலாம், நடந்தது. அதற்குக் கீழே இன்னொரு படம், அடுக்கடுக்காக வண்ணங்களில். அது எங்கள் ஊரின் அடிப்பக்கம்.

முழுக்கப் படித்தேன். கறுப்புப் பட்டை நிலக்கரி. அதன் இடுக்குகளில் எரிவாயு. அதைச் சுற்றி நீலப் பட்டை தண்ணீர். தண்ணீர்தான் வாயுவை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறதாம். ஆகவே வாயு வேண்டுமானால் முதலில் தண்ணீரை இறைத்துத் தள்ளவேண்டும், மாதக் கணக்கில், வருஷக் கணக்கில். எங்கே இறைத்தால் வேகமாக வற்றும் என்பதையும் நிரல் சொல்லிவிடும் என்று பீற்றிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். ஆசிரியர் உடனே கூப்பிட்டார். "என்னங்க, ஒரு செய்திக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கீங்க? மணி ஏழாகப் போகுது."

"சார், அது எங்க ஊரு. படத்துல இருக்கறது எங்கம்மா."

"கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நம்ம ஆளுங்களுக்கு அந்த நிரல் எப்படி வேலை செய்யுதுங்கறதுதான் விஷயம். நானே சுருக்கிடுறேன்" என்றார். ஏழு மணிக்கு என் போனுக்கும் வந்தது. நாலு வரி, தண்ணீர் என்ற வார்த்தையே இல்லை.

அம்மா சாணிக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். "என்னாடி மூஞ்சி இப்புடி இருக்கு? நம்ம தண்ணியப் பத்தி வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

அவள் அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். படத்தைக் காட்டினேன். தன் முதுகை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தாள். "இந்த நீலம் என்னா?"

"தண்ணி."

"நம்ம வயலுக்கு அடியிலயா? இம்புட்டா?" அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பூரித்திருக்க மாட்டாள். "அன்னைக்கு நான் வாதாடுனது வீண் போவல பாத்தியா. எப்ப எடுத்துக் குடுப்பாங்களாம்?"

சொன்னேன். நமக்கு எடுக்கவில்லை, அடியில் இருக்கும் வாயுவுக்காக எடுக்கப்போகிறார்கள், இறைத்து வெளியே தள்ளிவிடுவார்கள், மேலே ஈரம்கூட நிற்குமோ என்னமோ என்று. ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. எப்போதும் அவளுக்குத் திட்டத்தான் முதலில் வரும். "நான்தானே வாங்க வாங்கன்னு கூட்டியாந்தேன்" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு திரையிலிருந்த நீலப் பட்டையை விரலால் தடவினாள்.

"சரி. நீதான் பேப்பர்ல எழுதுறவளாச்சே. இந்தம்மா தெரியாம சொல்லிடுச்சு, அந்த வயலு வேணாம், வுட்டுடுங்கன்னு நாளைக்கு எழுதிடு."

"நாளைக்கு வேற எட்டுச் செய்திம்மா" என்றேன்.