ஏரியைத் தொலைத்த ஓட்டல்

கோடை விடுமுறைக்கு ஊட்டிக்குப் போகிற குடும்பங்கள் உண்டு. நாங்கள் சேற்றைப் பார்க்கப் போனோம். சேறு என்று சொல்லி யாரும் கூட்டிப் போகவில்லை, ஏரிக்கரை ஓட்டல் என்றுதான் சொன்னார்கள். உடுமலைக்குத் தெற்கே, மலையடிவாரத்து ஏரி ஒன்றின் கரையில் இருந்தது அது. என் மாமா, அதாவது அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, அங்கே மேனேஜர். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம். அப்பாவுக்கு ரயில்வேயில் லீவு கிடைக்கவில்லை. அவரைப் போத்தனூரிலேயே விட்டுவிட்டு அம்மாவும் நானும் பஸ் ஏறினோம். எனக்கு எட்டு வயது.

அந்த ஓட்டல் பிறந்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். கோயமுத்தூரில் பஞ்சாலை வைத்திருந்த ஒரு முதலாளி, ஒரு கார்த்திகை மாதம் அந்தப் பக்கம் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். மழை பெய்து ஏரி நிரம்பிக் கிடந்த நேரம். கரையில் நின்றவருக்கு அந்த இடத்தை விட்டு வர மனசில்லை. அவருடைய ஆலையில் குமாஸ்தாவாக இருந்த மாமாவும் கூட நின்றிருக்கிறார். அந்த ஏரிப் பாசனத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்களின் பிள்ளை மாமா என்பது முதலாளிக்குத் தெரியும். அதனால் அவரைத்தான் கேட்டாராம்.

"ஏம்ப்பா, தண்ணி எப்பவும் இப்படித்தான் கெடக்குமா?"

"கெடக்குமுங்க" என்றார் மாமா.

கோடைக்குள் அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போய்விடும் என்பது அந்த ஊரில் மூக்கொழுகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மாமாவுக்கா தெரியாது? ஆனால் பெரிய மனுஷர் ஒருவர் ஆசை ஆசையாகக் கேட்கும்போது, முகத்துக்கு நேரே "இல்லீங்க" என்று சொல்ல எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நாக்கு வராது. நிலம் விற்றவர் "ஆமாங்க" என்றார். கொத்தனார் "ஆமாங்க" என்றார். ஆளாளுக்கு மரியாதை கொடுத்தே அந்த மனுஷரைக் குழியில் தள்ளினார்கள். ஓட்டல் எழும்பியது. மனசுக்குப் பிடித்த பதில் சொன்ன மாமா மேனேஜர் ஆனார். மேனேஜர் மாப்பிள்ளை என்று ஈரோட்டில் பெண்ணும் நிச்சயமானது.

முதல் கோடையிலேயே ஏரி பின்னால் போய்விட்டது. நாங்கள் போனபோது படகுத்துறைப் படிகள் கட்டாந்தரையில் இறங்கின. அதைத் தாண்டி வெடித்த களிமண், அதையும் தாண்டிக் கறுத்துப் பளபளக்கும் சேறு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் கொஞ்சம் தண்ணீர். காசு கொடுத்து வந்தவர்களுக்குத் தண்ணீரைக் காட்டியாக வேண்டுமே! மாமா தென்னங்கீற்றுத் தடுக்குகளை வரிசையாகப் பரப்பி, ஓட்டல் படகு கிடந்த தண்ணீர் வரைக்கும் சேற்றின் மேலே ஒரு பாதை போட்டிருந்தார். தினமும் காலையில் மூங்கில் கழியால் குத்திப் பார்த்துக்கொண்டே அதில் நடப்பார்.

"தடுக்க உட்டுக் கீழ கால் வெச்சே, ஆளையே முழுங்கிப்போடும் கண்ணு" என்று என்னிடம் சொல்லியிருந்தார். சொன்னதோடு விடாமல், சேற்றில் சிக்கிச் செத்த ஒரு கன்றுக்குட்டியையும் காட்டினார். முதுகு மட்டும் வெளியே தெரிந்தது. அதன் மேல் காக்கை உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து எனக்கு அந்த ஓட்டலில் சோறு இறங்கவில்லை. வெயில் ஏற ஏறச் சேறு உள்ளுக்குள் குமிழ்விட்டுப் பேசும். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி குடும்பத்தோடு காரில் வந்தார். படகுத்துறையில் நின்று வெகுநேரம் பார்த்தார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அம்மா பிற்பாடு சொல்வாள். அவர் கத்தவில்லை.

"நீதானப்பா சொன்னே?"

"ஆமாங்க."

"உன்னய நம்பித்தான கட்டுனேன். சரி போ, இந்த மாசத்தோட பூட்டிரலாம். நீயும் வேற எடம் பாத்துக்க."

"சரிங்க" என்றார் மாமா. அவர்களுக்கு அவரே நின்று சாப்பாடு பரிமாறினார். கிளம்பும்போது கார்க் கதவையும் அவரே திறந்துவிட்டார்.

கார் போன பிறகு மாமா படிகளில் இறங்கி வந்தார். நான் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தேன். "போட்டக் கட்டிப்போட்டு வாரேன். நீ இங்கயே இரு" என்றார். கழியை எடுக்கவில்லை. படகு ஏற்கெனவே கட்டித்தான் கிடந்தது. அதை எடுத்துச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தடுக்குப் பாதையில் பாதி தூரம் போனார். அப்புறம் சாலையோரம் ஒதுங்குகிறவர் மாதிரி, சாதாரணமாகப் பாதையை விட்டு இறங்கினார்.

முழங்கால் போனது. தொடை போனது. இப்போது கத்துவார், இப்போது கத்துவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மாமா சத்தமே போடவில்லை. மலையைப் பார்த்தபடி இடுப்பளவில் நின்றார். எனக்குக் கன்றுக்குட்டி ஞாபகம் வந்தது. நான்தான் கத்தினேன்.

அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். என்னைத் தாண்டி, தடுக்குகளின் மேலே ஓடினாள். மாமா இருந்த இடத்துக்கு நேராக வந்ததும் பின்னால் கிடந்த தடுக்குகளைப் பிடுங்கி அவர் பக்கமாக வீசினாள். அப்புறம் அவள் செய்ததுதான் என்னை இன்னும் கலங்கடித்தது. நல்ல சேலையோடு சேற்றில் குப்புறப் படுத்துவிட்டாள். மாட்டை அப்படித்தான் மீட்பார்கள் என்று வயலில் வளர்ந்தவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அம்மாவும் முழுகப் போகிறாள் என்றே நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் ஒன்றோடொன்று குழம்பி, மாதாவே, மாதாவே என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

"சாமி, முதுகச் சாச்சுப் படுறா. காலு தானா மேல வரும்" என்றாள் அம்மா.

"நீ போக்கா. புள்ள பாக்குது."

"பாக்கட்டும். நீ வராம நானும் எந்திரிக்கப் போறதில்ல."

அம்மா ஊர்ந்து ஊர்ந்து போய் மாமாவின் தலைமுடியை எட்டிப் பிடித்தாள். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார்களோ. கடைசியில் மாமா மெல்ல மல்லாக்கச் சாய்ந்தார். அம்மா முந்தானையை அவர் அக்குளில் கொடுத்துச் சுற்றினாள். அதற்குள் சமையல்காரரும் தோட்டக்காரரும் கயிறு கொண்டுவந்துவிட்டார்கள். கரையில் போட்டதும் மாமா அழுதார். சேற்றில் மாட்டிக்கொண்டதற்கு இவ்வளவு பெரிய ஆள் அழுவாரா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

ஓட்டலின் மிச்சக் கதை சின்னதுதான். அந்த மாசமே பூட்டினார்கள். பிறகு யாரோ வாங்கிக் கோழித் தீவனம் அடுக்கும் கிடங்காக்கினார்கள். ஈரோட்டுப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணமானது.

அன்று சாயங்காலமே அம்மா மாமாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். மூன்று பேர் சீட்டில் மாமா ஜன்னலோரம், நடுவில் அம்மா, இந்தப் பக்கம் நான். அம்மா மாமாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். டிக்கெட்டுக்குக் காசு எடுக்கும்போதும் அந்தக் கையை விடாமல், ஒற்றைக் கையாலேயே பர்ஸைத் திறந்தாள். பொள்ளாச்சி போனது, கிணத்துக்கடவு போனது. இரண்டு பக்கமும் காய்ந்த காடு, நடுவில் தார் ரோடு. மாமாவின் கை சிவந்துபோயிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது.

"இங்கதான் சேறே இல்லையேம்மா. கைய உடு, மாமாவுக்கு வலிக்கும்" என்றேன்.

மாமா ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா விடவில்லை.