ரசத்தில் போன சம்பந்தம்

என் அத்தை மகன் பம்பாயில் கெமிக்கல் இன்ஜினீயருக்குப் படித்துவிட்டுத் திருமயம் திரும்பியபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. முறைப்படி என்னை அவருக்குத்தான் கொடுக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து அதையே கேட்டு வளர்ந்ததில் என் மனசும் அவரோடு ஒட்டிப்போயிருந்தது.

அப்பாவுக்குத்தான் அந்தப் படிப்பு பிடிபடவில்லை. இன்ஜினீயர் என்றால் பாலம் கட்ட வேண்டும், இல்லை ரோடு போட வேண்டும்.

"நீ என்னப்பா கட்டுவ?" என்று கேட்டார்.

"கட்டுறதில்லைங்க மாமா. சோப்பு, சீனி, காயிதம், மருந்து எல்லாம் பெரிய அளவுல செய்யிற வேல. வீட்டுல நாலு பேருக்கு வைக்கிற ரசத்த ஊருக்கே வச்சா பக்குவம் மாறிப்போகும்ல? எம்புட்டுச் சூடு, எந்தப் பாத்திரம்னு கணக்குப் போடணும். சீனி ஆலை, சிமெண்டு ஆலை, எங்கிட்டுப் போனாலும் வேல இருக்கு."

அப்பா காதில் ரசம் மட்டும்தான் விழுந்தது. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் சமைக்கிறவரைத் தவசிப்பிள்ளை என்போம். "தவசிப்பிள்ளை வேலைக்கா பம்பாய் போயிப் படிச்ச?" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். கேலி அன்றோடு போயிருக்கலாம். ஆனால் அது கடைவீதி வரைக்கும் பரவியது; தவசிப்பிள்ளைக்கா பொண்ணு கொடுக்கப்போறீங்க என்று அப்பாவையே திருப்பிக் கேட்டார்கள். தன் வாயால் கிளப்பியதைத் தானே நம்பிய மனுஷர் அவர். இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

எங்கள் சமஸ்தானத்தில் அத்தானுக்கேற்ற ஆலை ஒன்றும் இல்லை. வடக்கே ஓர் அமிலத் தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். அப்பா எனக்கு ஓர் ஓவர்சியரைப் பார்த்தார். பாலம் கட்டுகிறவர்.

முறைப்பெண்ணை வெளியே கொடுப்பதென்றால், முறைமாப்பிள்ளைக்கு வெற்றிலை பாக்கு வைத்துச் சம்மதம் கேட்பது எங்கள் வழக்கம். அத்தான் ரயிலேறி வந்தார். ரொம்ப இளைத்திருந்தார். விரல்களில் அமிலம் பட்ட தழும்புகள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா தட்டை நீட்டினார். "வெளிய குடுக்கலாமாப்பா?"

கூடாது என்று அவர் சொன்னால் போதும், கல்யாணம் நின்றுவிடும். சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அத்தான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அவளுக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதந்தாங்க மாமா" என்றார்.

"அவளுக்கென்ன, சம்மதந்தான்" என்று அப்பா வெற்றிலையை எடுத்து அவர் கையில் வைத்தார்.