மாங்காட்டுக்கு வந்த எகிப்து சோபா

சோபா செய்து விற்கிறவன் கரையானுக்குப் பயப்பட மாட்டான். கையில் போட்டோவோடு வருகிற வாடிக்கையாளருக்குத்தான் பயப்படுவான். எண்பதுகளின் கடைசியில் கரையான்சாவடி மெயின் ரோட்டில் எனக்கு ஒரு ஃபர்னிச்சர் கடை இருந்தது. யார் வீட்டிலோ, பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாவில், முதுகு வியர்க்கக் காபிக்குக் காத்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் நான் பட்டதையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஆல்பம்

தண்டபாணி அம்பத்தூரில் ஃபிட்டராக இருந்து, எகிப்தில் ஒரு நூற்பாலை வேலைக்குப் போய், ஆறு வருஷம் கழித்துத் திரும்பியவர். மாங்காட்டில் புதுசாக வீடு கட்டியிருந்தார். ஒருநாள் காலையில் கடைக்கு வந்து ஆல்பத்தைப் பிரித்து ஒரு போட்டோவைக் காட்டினார். அங்கே அவரோடு வேலை பார்த்த மஹ்மூத் என்பவரின் வீட்டுக் கூடத்தில் கிடந்த சோபா அது. வளைந்த கால்கள், முதுகுச் சட்டத்தில் செதுக்கிய பூங்கொத்து, கட்டை முழுக்கத் தங்க நிறம், மெத்தைத் துணியில் குடை பிடித்த வெள்ளைக்காரப் பெண்களின் படம். நடுவில் தண்டபாணி, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் மாதிரி முழங்காலை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போறப்ப எல்லாம் என்னை இதுலதான் உட்கார வைப்பார் சார். ஊருக்குப் போனா என் பொண்டாட்டி பிள்ளைங்களையும் இப்படி உட்கார வைக்கணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்" என்றார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் தச்சர் முனுசாமி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா அண்ணாத்தே, சோபான்னு சொல்லிக்கினு தேர் படத்தக் காட்டுறே? இத்த இஸ்துகினு போவ ஆளு கீதா?"

வாசக்கால்

இரண்டு மாதத்தில் சோபா தயார். வீட்டில் இறக்கினால், மூன்று பேர் உட்காரும் பெரிய சோபா வாசக்காலில் நுழையவில்லை. நிமிர்த்தினோம், சாய்த்தோம், கவிழ்த்தோம். பூங்கொத்து இடித்தது. கடைசியில் ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. தண்டபாணியின் மனைவி சரோஜா, இரண்டு பெண் பிள்ளைகளோடு தெருவில் நின்று அரைநாள் வேடிக்கை பார்த்தார். பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்:

"இது உள்ளே வந்தப்புறம் நாங்களும் வரலாமா?"

தங்கம்

தங்கப் பூச்சுக்குக் கோயில் வாகனங்களுக்கு வர்ணம் அடிப்பவர் ஒருவரைப் பூந்தமல்லியிலிருந்து பிடித்திருந்தேன். அவர் நன்றாகத்தான் அடித்தார். ஆனால் அது மழைக்காலம். 'காயட்டும்' என்று நான் சொன்னது தண்டபாணியின் காதில் ஏறவில்லை. முதல் விருந்தாளியாக வந்தவர் சரோஜாவின் அண்ணன். ஆவடியில் குவார்ட்டர்ஸில் இருப்பவர், வெள்ளை பேண்ட் தவிர வேறு போடாதவர். டிபன் முடித்து, சோபாவின் முன்கட்டையில் உரசி எழுந்தபோது பேண்ட்டின் பின்பக்கம் தங்கமாக ஜொலித்தது. பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். மறுநாள் தண்டபாணி கடைக்கு வந்து சத்தம் போட்டார். ஆனால் மைத்துனர் சொன்னதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது:

"மாப்ளே, வெளிநாட்டுலேர்ந்து வந்து எனக்கு மோதிரம் போடுவீங்கன்னு பார்த்தேன். பேண்ட்டுக்குப் போட்டு அனுப்புறீங்களே!"

கண்ணாடி அலமாரி

அடுத்து கண்ணாடி அலமாரி. எகிப்தில் கல்யாணமான வீட்டிலெல்லாம் ஒன்று இருக்குமாம், பெயர் 'நீஷ்'. அழகான பீங்கான் சாமான்களை உள்ளே அடுக்கிவைப்பார்கள், யாரும் எடுத்துப் புழங்க மாட்டார்கள். செய்து கொடுத்தேன். பத்து நாளில் அலமாரித் தட்டு வளைந்துவிட்டது என்று ஆள் வந்தது.

போய்ப் பார்த்தேன். பீங்கானே இல்லை. இந்த ஊர் பிளக்கில் சேராத ஜூஸ் மிஷின், மூடி திறக்காத சென்ட் பாட்டில்கள், கல்லில் செய்த பிரமிடு. மேல் தட்டில் மடித்துவைத்த சின்னச் சின்ன கவுன்கள், விலைச் சீட்டுகூடக் கிழிக்காமல். "இதையெல்லாம் ஏம்மா இங்கே வெச்சே?" என்று தண்டபாணி கேட்டார். சரோஜா தட்டைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்:

"புழங்காத சாமானுக்குத்தானே இந்த அலமாரி? நீங்க அளவு தெரியாம அனுப்பினீங்க. அது வந்து சேர்றதுக்குள்ள பொண்ணுங்க வளர்ந்துட்டாங்க."

நான் வளைந்த தட்டுக்கு அடியில் ஒரு கட்டை கொடுத்துவிட்டு வந்தேன்.

விருந்தாளி

சோபா போட்ட கூடத்தைத் தண்டபாணி பூட்டியே வைத்திருந்தார். சோபாவுக்கு மேலே போர்வை. சரோஜாவும் பிள்ளைகளும் டி.வி. இருந்த உள் அறையில் தரையில் உட்கார்ந்தார்கள். சரோஜா தனியாகக் கடைக்கு வந்து அந்த அறைக்கென்று சாதாரண மரபெஞ்சு ஒன்று சொல்லி வாங்கிப் போனார்.

ஒரு வருஷம் கழித்து, கோயம்புத்தூருக்கு மிஷின் பார்க்க வந்த மஹ்மூத், நண்பனைப் பார்க்க மாங்காட்டுக்கு வருவதாகத் தந்தி. சோபாவின் கை ஆடுகிறது என்று தண்டபாணி என்னையும் முனுசாமியையும் காலையிலேயே வரவழைத்தார். நாங்கள் ஆணி அடித்து முடிக்கவும் மஹ்மூத் வந்து இறங்கவும் சரியாக இருந்தது. ஆஜானுபாகுவான மனிதர். தங்க சோபாவில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். சோபாவைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். உள் அறையில் பெண்கள் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். மஹ்மூத் அந்தப் பக்கம் கைகாட்டி அரபியில் ஏதோ சொன்னார். தண்டபாணியின் முகம் மாறியது. மஹ்மூத் டீ கிளாஸோடு எழுந்து உள்ளே போய் மரபெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"என்ன சார் சொன்னார்?" என்று கேட்டேன். தண்டபாணி சோபாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"'இந்த மாதிரி ரூமை எங்க ஊர்ல வெளி ஆளுங்களுக்குத்தான் திறப்போம். உன்னை எத்தனை தடவை உள்ளே வா, எங்க பசங்களோட உட்காருன்னு கூப்பிட்டிருப்பேன், நீதான் எழுந்து வரவே இல்லை'ங்கறார் சார்."

சொல்லிவிட்டு அவரும் உள்ளே போனார். நாங்கள் ஆணிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

பன்னிரண்டு வருஷம் சோபா செய்து நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: மெத்தை எத்தனை மெத்தென்று இருந்தாலும், ஜனங்கள் சிரிப்புச் சத்தம் வருகிற பக்கம்தான் போய் உட்காருவார்கள்.