மருந்தடிக்க வந்தவர்

கொரோனாவால் நின்றுபோயிருந்த கூடு பார்க்கும் வேலை மறுபடி தொடங்கியது. வழக்குக்குக் கொண்டுவரப்படுகிறவர்களைப் பெயர் கூப்பிடும்வரை அடைத்துவைக்கும் நீதிமன்ற அறையைத்தான் கூடு என்போம். அங்கே தண்ணீர் இருக்கிறதா, காற்று வருகிறதா, யாருக்காவது நோய், வருத்தமா என்று பார்த்து எழுதுவது என் உத்தியோகம்.

பாதுகாப்புக்கென்று அலுவலகம் வெள்ளை பிளாஸ்டிக் அங்கி ஒன்று தந்தது. தைத்தவர் என் வயிற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. எல்லாம் மாட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றபோது மனைவி சுற்றிவந்து பார்த்தாள்.

“மூச்சை அடக்கிக்கொண்டு நடவுங்கோ. ஒருக்கா விட்டியளெண்டால் கிழிஞ்சுபோம்.”

கூட்டுக்குப் போவதற்குள் மூச்சுப் பட்டுக் கண்ணாடியில் புகார் படிந்து, பார்வை மங்கிவிட்டது. முதல் வணக்கத்தைத் தண்ணீர்ப் பீப்பாவுக்கு வைத்தேன். உள்ளே இருந்தவர்களோ, நான் வாய் திறக்குமுன்பே சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற ஊர். முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் வந்தால் பூச்சிமருந்தடிக்கத்தான் வந்திருப்பான். அந்த மாதங்களில் கொரோனாக் கிருமிக்கென்று கட்டிடங்களுக்கும் அடித்தார்கள்.

ஒருவர் மட்டும் கம்பியைப் பிடித்தபடி நின்றார். மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியிருந்த குடும்பத்துக்காரர். தோள் ஏறி ஏறி இறங்கியது.

“ஐயா, மருந்து அடிச்சிறாதீங்க. எனக்கு முட்டு, இழுப்பு இருக்கு. மூச்சு நின்னுரும்.”

காவலர் திகைத்தார். “காலமை கேட்டனான். ஒரு வருத்தமும் இல்லையெண்டு சொன்னனீங்கள்.”

“இழுக்குதுன்னு சொன்னா கொரோனான்னு தனிமைப்படுத்துற முகாமுக்கு ஏத்திருவீங்க. இன்னிக்குப் பிணை கெடைச்சா வீட்டுக்குப் போகலாம். மக வாசல்ல நிக்குது.”

“முட்டுக்கு இழுக்கிற பம்ப் எங்கை?” என்றேன்.

“பையில. பைய வெளிய வாங்கி வச்சிட்டாங்க.”

தொற்றுக்குப் பயந்து எவருடைய பொருளையும் உள்ளே விடாத காலம். காவலர் மேசைக்கடியில் பைகளைக் கிளறினார். உதவலாமென்று நானும் குனிந்தேன். அங்கி முதுகில் படாரென்று பிளந்தது. கூடு முழுக்கச் சிரித்தது. சிரிக்க முடியாதவர் அவர் ஒருவர்தான்.

காவலர் பம்ப்பைக் கம்பிக்குள்ளால் நீட்டினார். அவர் இழுத்தார், பொறுத்து இன்னொருதரம் இழுத்தார். எல்லோரும் அவருடைய தோளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது மெல்லத் தணிந்தது. அதுவரை நானும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றேன், மனைவி சொன்னபடி.

அங்கியைக் கழற்றிவிட்டு, முகக்கவசத்தோடு வெளியே போய், கூட்டின் யன்னலுக்குச் சற்று எட்டத்தில் காற்றுப்படக் கதிரையைப் போட்டு இருந்தேன். ஆள் மூஞ்சி பாதியாவது தெரிந்ததும் ஒவ்வொருவராக யன்னலடிக்கு வந்து வருத்தம் சொன்னார்கள். அவருக்கு இருப்பது முட்டுத்தான் என்பதை எழுதி, பம்ப் அவர் கையிலேயே இருக்கவேண்டும் என்று கீழே கோடும் போட்டேன்.

பின்னேரம் பிணை கிடைத்தது. வாசலில் மகள் கையைப் பிடித்துக்கொண்டவர் திரும்பிப் பார்த்தார்.

“ஐயா, அந்தக் கிழிஞ்ச உடுப்பக் கழுவித் தாங்களேன். மக தச்சிரும். வயலுக்கு மருந்தடிக்க ஆகும்.”

“முட்டுக்காரர் மருந்தடிக்கிறதோ?” என்று அதட்டினேன்.

“நான் எங்க அடிக்கிறது? மருமகன்தான். அவருக்கு இந்த வயிறு கெடையாது.”