அக்கா கழித்த இரண்டு பாகை

“…உதெல்லாம் பிறகு சொல்லு தம்பி, எத்தினை பாகை எண்டதை முதல்ல சொல்லு” என்று கட்டிலில் கிடந்தபடி அக்கா கேட்டபோது, அவர் தந்துவிட்ட பாகைமானியை நான் முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். பள்ளிக்கூட மைதானத்தில் அவருடைய மாணவர்கள் விட்ட ராக்கெற் நேரே மேலே போனதைக் கண்ணாரக் கண்டுவிட்டு ஓடி வந்திருந்தேன். எந்தக் கோணம்வரை எழும்பியது என்று பார்த்துவரத்தான் என்னை அனுப்பியிருந்தார். அதை மட்டும் நான் பார்க்கவில்லை.

எங்கள் அக்கா நெடுந்தீவில், கடற்றொழில் செய்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். தொழிலுக்குப் போன அப்பா திரும்பி வராத வருடம் அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்கு ஒன்பது. அம்மா கருவாடு போட்டு விற்று அவரை யாழ்ப்பாணத்தில் விடுதியில் விட்டுப் படிப்பித்தார். நான் எட்டாம் வகுப்போடு கடலுக்கு இறங்கிவிட்டேன். அக்கா அதைக் கடைசிவரை மறக்கவில்லை. “உன்ர பங்குப் படிப்பையும் நான்தான் படிச்சு வைச்சிருக்கிறன். எப்ப வேணுமெண்டாலும் வந்து வாங்கு” என்பார். நான் போய் வாங்கவேயில்லை.

கணித ஆசிரியராக எங்கள் தீவுக்கே திரும்பி வந்தார். மற்ற ஆசிரியர்கள் வருவதும் மாற்றம் எடுத்துக்கொண்டு போவதுமாக இருந்தார்கள். அவர் ஏன் மாற்றம் கேட்பதில்லை என்று ஓர் அதிகாரி விசாரித்தாராம். “கடல் கடந்து வாறவைக்குத்தானே ஐயா மாற்றம்? நான் வீட்டிலையிருந்து நடந்தெல்லோ வாறன்” என்றாராம் அக்கா.

கோணமும் வட்டமும் வருகிற கேத்திரகணிதம் என்றால் பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்று, அவர்களைக் கொண்டே ராக்கெற் செய்விக்கத் தொடங்கினார். பெரிய சோடாப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம், வட்டத் தாளில் ஒரு துண்டை வெட்டியெடுத்து மீதியைச் சுருட்டிய கூம்பு. பின்பக்கச் செட்டைக்கு மீன் அடைக்கிற, பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டி. “வள்ளத்துக்கு ஒரு சுக்கான்தானே ரீச்சர், இதுக்கும் ஒண்டு காணும்” என்று பிள்ளைகள் அடித்துச் சொன்னார்கள். எல்லாம் கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். நானும் அவர்களுக்கு ஒத்தூதி, பெரிதாக ஒரு சுக்கான் வெட்டிக் கொடுத்தேன். அக்கா சிரித்துக்கொண்டு, “விட்டுப் பாருங்கோவன்” என்றார். அது எழும்பி, ஒரு வட்டம் போட்டு, எங்களையே துரத்தி வந்து பள்ளிக்கூட அதிபரின் குடையைத் தட்டிக்கொண்டு விழுந்தது.

“வள்ளத்தைக் கீழை கடல் தாங்குது. இதைத் தாங்க ஒருத்தரும் இல்லை. அப்ப சுத்திவரப் பிடிக்கவேணும், நூற்றியிருபது பாகைக்கு ஒண்டு” என்று அடுத்த நாள் அக்கா கவராயத்தால் வட்டம் கீறி மூன்றாகப் பிரித்துக் காட்டினார்.

அந்த மூன்று செட்டை ராக்கெற் முடிவதற்குள் அக்கா படுத்துவிட்டார். வயிற்றுநோ என்றுதான் நினைத்தோம். கண்டுபிடித்தபோது புற்றுநோய் ஈரலுக்கும் பரவியிருந்தது. தென்மேற்குக் காற்று அடிக்கிற சோளகக் காலம் வேறு. மருந்தேற்றப் போகவேண்டிய ஒரு நாள் கடல் எழும்பி, அக்கரையில் உள்ள குறிகட்டுவானுக்கு ஒரு படகும் போகவில்லை. முப்பது வருடம் அந்தக் கடலில் நின்றவன் நான். அன்று இறங்குதுறையில் குந்தியிருந்து அழுததைத் தவிர வேறொன்றும் செய்ய ஏலவில்லை. அடுத்த நாள் அவரைக் கதிரையில் இருத்தி, கதிரையோடு தூக்கிப் படகில் ஏற்றினோம். “சரிக்காதேங்கோ பெடியள், அஞ்சு பாகை கூடினாலும் நான் கடலுக்கைதான்” என்று அக்காதான் எங்களைச் சிரிக்கவைத்தார்.

சில கிழமைகளில், “வீட்டை கொண்டுபோய் விருப்பமானதைக் குடுங்கோ” என்று டொக்டர் சொல்லிவிட்டார். என்ன வேண்டும் என்று கேட்டேன். சாப்பாடு ஒன்றும் கேட்கவில்லை. “பிள்ளையள் முடிச்ச ராக்கெற் எவ்வளவு உயரம் போகுதெண்டு எனக்குத் தெரியவேணும்” என்றார்.

பாகைமானியின் நடுவில் நூல் கட்டி, நுனியில் வலையில் கட்டுகிற ஈயக் குண்டு ஒன்றைத் தொங்கவிட்டுத் தந்தார். நாற்பது மீற்றர் தள்ளி நின்று, நேர்விளிம்பால் ராக்கெற்றைக் குறிபார்த்து, உச்சியில் நூலை அமத்திப் பிடிக்கவேண்டும். “பிள்ளையளுக்குக் கண் ராக்கெற்றிலை போயிடும். நீ வளர்ந்த ஆள், நூலைப் பிடிப்பாய்.”

ராக்கெற் எழும்பிய வேகத்தில் என் கையில் நூல் இருந்ததே நினைவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். உச்சியில் ஒரு கணம் நின்றது. பிறகு காற்று அதை அள்ளிக்கொண்டுபோய்க் கடலில் போட்டது. இன்னொன்று செய்ய இரண்டு மூன்று நாளாகும். அக்காவிடம் அவ்வளவு நாள் இருந்ததா என்று யாருக்குத் தெரியும்? “ஏதாவது ஒரு பாகையைச் சொல்லுங்கோ மாமா, ரீச்சர் பாவம்” என்றாள் ஒரு மாணவி. வழி முழுக்க ஒரு பொய்யை யோசித்துக்கொண்டே வந்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அதுவும் வரவில்லை.

அக்கா மறைந்து ஓராண்டாகிறபோது உங்களுக்கு இதை எழுதுகிறேன். கதிரையின் நான்கு காலையும் பிடித்தவர்கள், தங்கள் தொழிலை விட்டுப் படகோட்டித் தந்தவர்கள், எங்கள் குசினியில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்தவர்கள், வெளிநாட்டிலிருந்து அழைத்து ஒன்றும் சொல்லத் தெரியாமல் அழுதவர்கள், அக்காவிடம் படித்த பிள்ளைகள் எல்லோரும் எங்களைச் சுற்றிவரப் பிடித்தீர்கள். அதனால்தான் நாங்கள் விழவில்லை. உங்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.

ராக்கெற் விட்ட அன்று, “அக்கா, நான் நூலைப் பிடிக்கேல்லை, பார்த்துக்கொண்டு நிண்டிட்டன்” என்று உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. பக்கத்தில் வந்து குந்தச் சொன்னார்.

“உச்சியிலை நிக்கேக்கை எப்பிடிப் பார்த்தனி? அப்பிடியே பார்.”

கூரை முகட்டைப் பார்த்து அண்ணாந்தேன். அக்கா பாகைமானியை வாங்கி, அதன் விளிம்பை என் கண்ணோரம் பார்வைக்கு நேராக வைத்தார். ஈயம் ஆடி ஓயும்வரை இருவரும் மூச்சுவிடவில்லை. நூல் முப்பத்தெட்டில் நின்றது. தொண்ணூறிலிருந்து கழித்தார்.

“ஐம்பத்திரண்டு. சந்தோசத்திலை கொஞ்சம் கூடுதலா நிமிர்ந்திருப்பாய். ரெண்டைக் கழிப்பம்.”

மருந்து உறையின் பின்பக்கத்தில் நாற்பது மீற்றருக்கு நாலு சென்ரிமீற்றர் கீறினார். அதன் ஒரு நுனியில் நிமிர்ந்த கோடு ஒன்று; அதை வெட்டுகிற இடம்தான் உயரம். மற்ற நுனியிலிருந்து ஐம்பது பாகைக்கு மேல்கோட்டை இழுக்கும்போது பென்சில் நடுங்கிக் கோடு கோணிப்போனது. அதை அழித்தார். அடிமட்டத்தை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, திரும்பவும் கீறினார்.