ஈச்சமேட்டில் முதலில் வந்த வீடு

சிதம்பரம் மேல வீதியில் பெலிசியா நடத்திவந்த ஜெராக்ஸ் கடைக்கு ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஒரே கல்வெட்டுக்கு வாசகம் கொண்டுவந்தார்கள். இரண்டிலும் ஊர் ஒன்று, கோயில் ஒன்று. ஊரை உண்டாக்கிய ஆளின் பேர் மட்டும் வேறு வேறு. வேற்றூர் விவகாரம் என்றால் பெலிசியா வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். இது அவள் பிறந்த ஊர்.

கிள்ளையைத் தாண்டி, உப்பங்கழிக்கு இந்தப் பக்கம், மணல்மேட்டில் இருக்கிறது ஈச்சமேடு. அறுபது வீடு, எல்லாம் வேதக்காரர்கள். 2009இல் பழைய அந்தோணியார் கோயிலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். வாசலில் ஒரு கல் நட்டு, காட்டை வெட்டி முதலில் குடியேறியவரின் பேரை அதில் போடுவது என்று ஊர்க்கூட்டம் முடிவெடுத்தது. யார் முதலில் என்பதில்தான் வந்தது வினை. மேலத்தெரு ராஜாமணி, தன் முப்பாட்டன் சவரிமுத்துதான் என்றார். கீழத்தெரு மரியலூர்து, தன் முப்பாட்டன் ஞானப்பிரகாசம்தான் என்றார். இரண்டு பேரும் சம்பந்திகள் வேறு. வீம்புக்கு அதெல்லாம் தெரியுமா?

பங்குச்சாமியார் பெலிசியாவைக் கூப்பிட்டனுப்பினார். "நீயே வீடு வீடா விசாரிச்சு சொல்லும்மா. உங்க வீடுதான் ரெண்டு பக்கமும் சேராதது."

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனாலும் பெலிசியாவுக்குச் சுருக்கென்றது. அவள் வீட்டுக்கு ஊரில் பேரே 'வந்த வீடு'. அவள் அப்பா மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். அவள் தாத்தாவும் அப்படித்தான், வடலூர்ப் பக்கத்திலிருந்து. தலைமுறை தலைமுறையாகப் பெண்களே பிறந்த வீடு அது. ஆண்கள் வெளியூரிலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். ஊர்க்கூட்டத்தில் அவள் அப்பா வாய் திறந்தால் போதும், "வந்த வீட்டுக்காரருக்கு இதுல என்ன பேச்சு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். மனுஷன் சாகிறவரை கடைசி வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிவிட்டு வந்தார். அதைப் பார்த்து வளர்ந்தவள் பெலிசியா. இந்தக் கல்லிலும் எவனோ ஒருவன் பேர் ஏறிவிட்டால், தன் வீடு காலாகாலத்துக்கும் வந்த வீடுதான் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் தனக்கென்று சொல்லிக்கொள்ள ஒரு முப்பாட்டன் பேர்கூட அவளிடம் இல்லையே, என்ன செய்வாள்!

ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைச் சாத்திவிட்டுப் போய் ஒவ்வொரு வீடாக உட்கார்ந்தாள். "உங்க அப்பா யாரு? அவுங்க அப்பா யாரு?" இதே கேள்விதான். காப்பி குடித்துக் குடித்து நாக்கு கசந்ததுதான் மிச்சம். சவரிமுத்து வழியும் ஞானப்பிரகாசம் வழியும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றன. இருவரும் வந்தபோது மேட்டில் ஏற்கெனவே ஒரு வேலி இருந்ததாம், ஒரு ஊற்று இருந்ததாம். வேலி யாருடையது என்று எவருக்கும் தெரியவில்லை. அதைச் சொல்ல அவர்களுக்குப் பிடிக்கவுமில்லை.

அந்தச் சமயத்தில்தான் ராஜாமணி தன் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்பினார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு அவர் நேராக வந்தது பெலிசியாவின் அம்மா அந்தோணிமேரி வீட்டுக்கு. அன்று பெலிசியாவும் அங்கேதான் இருந்தாள்.

"உங்க அண்ணன் தம்பிங்களுக்கு வச்சாச்சா மாமா?" என்று கேட்டாள்.

"அதெப்படி? மொதப் பாக்கு இங்கதான."

"ஏன் இங்க?"

ராஜாமணி தலையைச் சொறிந்தார். "வழக்கம். எங்க அப்பாரு காலத்துலேர்ந்தே அப்படித்தான். ஏன்னுலாம் யாரு கேட்டா?"

அவர் போனதும் பெலிசியா விடுவிடுவென்று கீழத்தெருவுக்கு நடந்தாள். மரியலூர்து வீட்டிலும் அதே பதில். கல்யாணமா, சாமியாரைக் கூப்பிட்டுப் புது வீடு மந்திரிக்கிறதா, முதல் பாக்கு அந்தோணிமேரி வீட்டுக்கு. சின்ன வயதிலிருந்து அந்தத் தாம்பாளங்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. வாசலில் கோலம் கிடப்பதுபோல. அதில் கேட்பதற்கு ஒன்று இருப்பதாகவே அவளுக்குத் தோன்றியதில்லை. திரும்பி வந்து அம்மாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"நம்ம வீட்ல மொதப் பாக்கு வாங்குனது யாரும்மா?"

அந்தோணிமேரி கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள். "எனக்கு முன்னாடி எங்கம்மா திரேசம்மா. அவுங்களுக்கு முன்னாடி அவுங்க அம்மா அருளாயி. அருளாயியப் பெத்தது சின்னப்பொண்ணு. சின்னப்பொண்ணப் பெத்தவ மங்கலம். அவதான வந்து ஈச்சம்பொதர வெட்டுனவ."

பெலிசியா அம்மாவின் கையிலிருந்த கருவாட்டை வாங்கிக் கீழே வைத்தாள். "இத்தன நாளா ஏம்மா சொல்லல?"

"எவன் கேட்டான்? நீயும்தான் வீடு வீடாப் போயி அப்பன் பேரா கேட்டுட்டு வந்த."

பிறகு மீதியையும் சொன்னாள். தாது வருஷப் பஞ்சத்தில் கடலூர்ப் பக்கமிருந்து புருஷன், இரண்டு பெண் குழந்தைகளோடு தெற்கே நடந்தவள் மங்கலம். புருஷன் வழியிலேயே வாந்திபேதியில் போய்விட்டான். சுற்றிலும் உப்புத் தண்ணீர், நடுவில் இந்த மேடு, மேடு முழுக்க ஈச்சம்புதரும் பாம்பும். ஒற்றை அரிவாளை வைத்துக்கொண்டு அவள் வெட்டினாள். மணலைக் கையால் தோண்டி நல்ல தண்ணீர் கண்டாள். ஈச்சம்பாய் பின்னி, கிள்ளைச் சந்தைக்குத் தூக்கிக்கொண்டு போய் விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றினாள். பின்னால் பிழைக்க வந்த ஆண்கள் ஊற்றுக்கரையில் வெற்றிலை பாக்கு வைத்து, இருந்துகொள்ளட்டுமா என்று அவளிடம் கேட்டார்கள். இருங்கள் என்றாள். அவ்வளவுதான் ஊர்.

பெலிசியா அழுதுவிட்டாள். துக்கமில்லை, ஆத்திரமுமில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பாவை நினைத்து அழுதாள்.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பக்கமிருந்து அவள் எழுந்து முன்னால் வந்தாள். அங்கே பெண்கள் பேசுகிற பழக்கமில்லை. அவள் விஷயத்தைச் சொன்னதும் ஒருவர் சிரித்தேவிட்டார். "ஊரத் திருத்துனது ஒரு பொம்பளையா?"

அவள் அவர் பக்கமே திரும்பவில்லை. "ராஜாமணி மாமா, உங்க மவன் கல்யாணத்துக்கு மொதப் பாக்கு எங்க வச்சீங்க?"

"உங்க வீட்லதான்."

"மரியலூர்து மாமா, நீங்க வீடு மந்திரிச்சப்ப?"

"அங்கதாம்மா."

"பின்னாடி வந்தவங்க வீட்டுக்கு மொதப் பாக்கு வைக்கிற ஊரு எங்கயாவது இருக்குதா?"

சிரித்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ராஜாமணிதான் எழுந்தார். வீம்பு பிடித்த மனுஷன், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவர்.

"எங்க அப்பாரு ஒண்ணு சொல்லுவாரு. அந்த வீட்ல கேக்காம இங்க ஒரு முளை அடிக்கக் கூடாதுன்னு. எனக்கு இப்பதான் புரியுது." பெண்கள் பக்கம் திரும்பி அந்தோணிமேரியைப் பார்த்தார். "அக்கா, முன்னாடி வந்து ஒக்காருங்க."

அந்தோணிமேரி எழுந்து போய் முதல் வரிசையில், சாமியாருக்குப் பக்கத்து நாற்காலியில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். பெண்கள் பக்கம் கைதட்டல் நிற்கவே இல்லை.

மங்கலம் ஞானஸ்நானம் வாங்கினாளா என்பது தெரியாதே, கோயில் வாசலில் அவள் பேரைப் போடலாமா என்று ஒருவர் இழுத்தார். ஊருக்கு நல்ல தண்ணீர் கண்டு கொடுத்தவளுக்கு அந்தோணியார் இடம் தரமாட்டேன் என்பாரா என்று சாமியார் அதை அங்கேயே முடித்துவிட்டார்.

வாசகத்தைப் பெலிசியாவே தன் கடையில் அடித்துக் கொடுத்தாள். கல் கொத்த வந்தவர் சிதம்பரத்து ஆள், விவரம் தெரியாதவர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வாசலில் நின்ற ராஜாமணியிடம் கேட்டார்.

"மங்கலம்னு மொட்டையா இருக்குதே. யாரு சம்சாரம்னு போடணும்?"

"யாரு சம்சாரம்னும் வேணாம், யாரு மவளுன்னும் வேணாம்" என்றார் ராஜாமணி. "நாங்கதான் அவுங்க ஊர்க்காரங்க. பேர மட்டும் பெருசா வெட்டுப்பா."