உப்பில் வந்த சதைத்துண்டு

மாக்கிறேற் அக்காவை நான் முதன்முதலில் கண்டது 1984இல். கண்ட உடனேயே அவரிடம் பேச்சு வாங்கினேன்.

என் ஊர் சுருவில் என்ற தீவுக் கிராமம். எங்கள் குடும்பத்திலிருந்து பட்டம் எடுத்த முதல் ஆள் நான். வெற்றிலையோடு புகையிலை போடுகிற தீவுப்பகுதிச் சனத்துக்கு வரும் வாய்ப் புற்றுநோயைப் பற்றி நடந்த ஓர் ஆராய்ச்சியில் உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். அந்தப் பெருமையோடு யாழ்ப்பாணத்தில் அவர் வேலை செய்த ஆய்வுகூடத்துக் கதவைத் தட்டாமலே திறந்தேன். என்னோடு காற்றும் உள்ளே போனது. தூரிகை நுனியில் அவர் ஏந்தியிருந்த மெல்லிய மெழுகு நாடா பறந்து வந்து என் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

"கதவைச் சாத்தும். அசையாதையும். உம்மடை சேட்டிலை ஒட்டியிருக்கிறது ஒரு மனிசன்ரை நாக்கு."

பல்கலைக்கழகத்தில் நுணுக்குக்காட்டிக்கு அடியில் வைக்கும் கண்ணாடிச் சிலைட்டுகளைப் பெட்டி பெட்டியாகப் பார்த்தவன் நான். அவற்றை யார் செய்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. நோயாளியிடமிருந்து வெட்டிய சதைத்துண்டு, பழுதாகாமல் காக்கும் போமலின் திரவத்தில் வரும். அதிலுள்ள நீரை மதுசாரத்தால் மெல்ல மெல்ல வெளியேற்றி, உருகிய மெழுகை ஏற்றிக் கட்டியாக்குவார் மாக்கிறேற் அக்கா. பிறகு இயந்திரக் கத்தியில் சீவினால் மெல்லிய சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி நாடாவாக வரும். அதை இளஞ்சூட்டு நீரில் மிதக்கவிட்டுச் சுருக்கம் எடுத்து, கண்ணாடியில் ஏந்தி, நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றவேண்டும். எங்கள் ஊர் வெக்கைக்கு மெழுகு இளகிவிடும். அதனால் காலையில் மீன் சந்தைக்குப் போய் ஐஸ் கட்டி வாங்கிவந்து, மெழுகுக்கட்டியை அதன்மேல் வைத்துத்தான் சீவுவார். மீன் விற்கிறவர்களில் பாதிப்பேர் அவருக்குச் சொந்தம்.

அவரும் எங்கள் தீவுதான், அல்லைப்பிட்டிக் கடற்றொழிற் குடும்பத்துப் பிள்ளை. தாய் இறந்தபின் வளர்த்தவர் பெரியம்மா கத்தரீனா. அந்தப் பெரியம்மாவின் கன்னத்துக்குள் வெள்ளையாகப் படர்ந்திருந்த படலம் அந்த வருடம் புண்ணாகியது. மனுசிக்குக் கத்தி என்றால் நடுக்கம். மாக்கிறேற் அக்கா மாதக்கணக்காகக் கெஞ்சிய பிறகுதான், ஒருக்கா மட்டும் வெட்டலாம், இரண்டாந்தரம் வாய் திறக்கமாட்டேன் என்று சொல்லி, ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் ஒரு சிறு துண்டு எடுக்க விட்டார்.

துண்டைக் கொண்டுவந்தவர் பெரியம்மாவின் மகன் சில்வெஸ்ரர். போத்திலுக்குள் போமலின் இல்லை. வாய்வரைக்கும் கல்லுப்பு.

"பஸ்ஸுக்குள்ளை தண்ணி முழுக்க ஊத்துண்டு போச்சு, தங்கச்சி. பழுதாப் போடுமெண்டு வழியிலை அல்லைப்பிட்டியிலை இறங்கி, வீட்டை ஓடிப்போய் உப்புப் போட்டுக் கொண்டந்தனான்."

சரியான காரியம் செய்த முகத்தோடுதான் சொன்னார். விலைபோகாத மீனைப் பிளந்து உப்பிடுவதைச் சிறுவயதிலிருந்து செய்தவர். தாயின் சதைக்கு வேறு முறை வேண்டும் என்று அவர் எப்படி நினைப்பார்? மாக்கிறேற் அக்கா துண்டைக் கழுவிப் புதுப் போமலினில் போட்டார்.

சிலைட் ஆயத்தமானதும் ஆய்வுகூடத்து டொக்டர் தியாகலிங்கம் நுணுக்குக்காட்டியில் பார்த்தார். கெட்ட உயிர்க்கலங்கள் மேற்படையிலேயே நிற்கின்றனவா, அதைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டனவா என்பதுதான் கேள்வி. இறங்கியிருந்தால் கன்னத்தில் சத்திரசிகிச்சை. இல்லையென்றால் மருந்தோடு பார்த்துக்கொண்டிருக்கலாம். எனக்கும் காட்டினார். மேற்படைக்குக் கீழே வெள்ளையாக ஓர் இடைவெளி. கீழே இறங்கவில்லைப் போலத்தான் இருக்கிறது என்று சொல்லி அறிக்கை எழுதப் பேனையை எடுத்தார்.

பெரியம்மா கேட்க விரும்பிய பதில் அதுதான். மாக்கிறேற் அக்கா பேசாமல் நின்றிருந்தால் போதும். முதலில் டொக்டர் பார்க்கட்டும், பிறகு சொல்லலாம் என்று உப்பு விஷயத்தைத் தான் தள்ளிப்போட்டதாகப் பின்னர் என்னிடம் சொன்னார்.

"டொக்டர், இந்தத் துண்டு உப்புக்குள்ளை கிடந்தது. உப்பு ஈரத்தை இழுத்துத்தான் மேற்படை கழண்டிருக்கு. அந்த இடைவெளியை நம்ப ஏலாது."

டொக்டர் மறுபடி குனிந்து கனநேரம் பார்த்தார்.

"அப்ப இதை வைச்சு ஒண்டும் எழுத ஏலாது. திருப்பி எடுக்கத்தான் வேணும்." பிறகு நிமிர்ந்து, "உம்மடை பெரியம்மாவெல்லே?" என்றார்.

"ஓம். அதுதான் சொல்லுறன்."

அந்த ஞாயிறு நான் ஊருக்குப் போகும் பஸ்ஸிலேயே மாக்கிறேற் அக்காவும் வந்தார். அல்லைப்பிட்டியில் நானும் கூட இறங்கினேன். விஷயத்தைக் கேட்டதும் கத்தரீனா மகனைத்தான் முதலில் பிடித்தார்.

"பெத்த தாயின்ரை வாயையே கருவாடாக்கிப் போட்டானே. வெயிலிலை காயப்போடாமல் விட்டது பெரிய புண்ணியம்."

வாசலில் நின்ற சில்வெஸ்ரர் உட்பட எல்லோரும் சிரித்தோம். மாக்கிறேற் அக்கா சிரிக்கவில்லை.

"ஒருக்காத்தான் எண்டு சொன்னனானோ இல்லையோ?" என்று கத்தரீனா அவர் பக்கம் திரும்பினார்.

"சொன்னனீங்கள். டொக்டர் பரவாயில்லை எண்டு எழுதத்தான் வெளிக்கிட்டவர், பெரியம்மா. நான்தான் மறிச்சனான். கோவமெண்டால் என்னோடை கோவியுங்கோ."

இப்படி ஒளிக்காமல் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மனுசி வெற்றிலைத் தட்டத்தைத் தூரத் தள்ளிவைத்துவிட்டு, தான் வளர்த்த பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"உனக்குப் பயமா இருக்கோ?"

"ஓம்."

"அப்ப வெட்டட்டும். ஆனா போத்திலை இவன்ரை கையிலை குடுத்திடாதை."

இரண்டாவது துண்டை மாக்கிறேற் அக்காவே மடியில் வைத்துக் கொண்டுவந்தார். அந்தச் சிலைட்டில் இடைவெளி எதுவும் இல்லை. கெட்ட கலங்கள் சின்னச் சின்ன வேர்போலக் கீழே இறங்கத் தொடங்கியிருந்தன. இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, பிந்தவில்லை என்றார் டொக்டர். கன்னத்தில் ஒரு பகுதியை எடுத்தார்கள். முகம் கொஞ்சம் கோணியது. ஆள் தப்பினார்.

1990இல் சண்டையால் அவர்கள் அல்லைப்பிட்டியை விட்டு இடம்பெயர்ந்தார்கள். இதை எழுதுகிற 1995 தை மாதத்தில் மாக்கிறேற் அக்கா அதே ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறார். யாழ்ப்பாணம் குருநகரில் ஒரு வாடகை வீட்டில் பெரியம்மாவோடு இருக்கிறார்.